தரங்கைக் கோட்டையும் நம் வீட்டுப் பரணும்

சென்னையில் 1851ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று, பின்னர் எழும்பூரில் நிலைபெற்ற அரசு அருங்காட்சியகத்தை அந்நகரத்துப் பாமர மக்கள் நெடுங்காலம் ‘செத்த காலேஜ்’ என்றே வழங்கி வந்தனர். மிருகக்காட்சிச் சாலைக்கு ‘உயிர் காலேஜ்’ என்று பெயர். உயிரோடு உலாவுவனவற்றை ஓரிடத்திலும், உயிர் போனவற்றை மற்றோரிடத்திலும் வைத்திருக்கிறார்கள் என்பது மக்கள் கண்ட கணக்கு. கேட்க நகைப்பாக இருந்தாலும் இப்பெயரில் ஒரு பாடம் இருக்கிறது. ஒரு பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டியதாலேயே அது பேசிவிடாது. அதை வைத்திருந்தவர் யார், எதற்காக வைத்திருந்தார், யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று சொல்ல ஒருவர் வேண்டும். சொல்ல ஆளில்லாத பொருள் செத்த பொருளே.

நம் பங்கின் யூபிலி விழா மலரில் அருங்காட்சியகத்தைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் வினவலாம். யூபிலி என்னும் சொல்லிலேயே இதற்கு விடை இருக்கிறது. லேவியர் ஆகமத்தின் 25ஆம் அதிகாரத்தில், யூபிலி ஆண்டிலே ஒவ்வொருவரும் தம் முன்னோரின் காணிக்குத் திரும்பவேண்டும் என்று ஆண்டவர் கட்டளையிடுகிறார். கைமாறிப்போன நிலம் உரியவரிடம் மீளும் ஆண்டு அது. நிலம் கைமாறுவதுபோல நினைவும் கைநழுவும். பாட்டியோடு போய்விடும் பாட்டியின் கதை. தகரப் பெட்டியோடு கறையானுக்குப் போய்விடும் தாத்தாவின் கடிதம். கைநழுவியதை மீட்க இந்த ஆண்டைவிட நல்ல ஆண்டு வேறில்லை.

நாம் வாழும் மண்

நம் கோவில்பத்து நேற்று முளைத்த ஊரன்று. திருத்தெளிச்சேரி என்னும் பெயரால் திருஞானசம்பந்தர் பாடிய பார்வதீசுவரர் கோயில் இங்கேதான் இருக்கிறது. கூப்பிடு தூரத்தில் காரைக்கால் அம்மையார் பிறந்த மண்; ஆனி மாதத்தில் அங்கே மாங்கனித் திருவிழா. மஸ்தான் சாகிபு தர்காவின் கந்தூரிக்கு எல்லாச் சமயத்தவரும் போவர். தேற்றரவு மாதாவின் தேர் புறப்படும்போதும் அவ்வாறே எல்லோரும் வருவர். 1739இல் பிரெஞ்சுக்காரர் தஞ்சை மன்னரிடமிருந்து காரைக்காலைப் பெற்றனர். இடையே சில காலம் ஆங்கிலேயர் கைக்குப் போய் மீண்டும் பிரெஞ்சுக் கொடி ஏறியது. 1954 நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது; 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் அது சட்டப்படி முழுமை பெற்றது.

இந்தத் தேதிகள் பள்ளிப் புத்தகத்தில் இருக்கின்றன. ஆனால் அந்த 1962ஆம் ஆண்டில், பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்வதா, இந்தியக் குடிமக்களாவதா என்று தேர்ந்துகொள்ள ஆறு மாத காலம் தரப்பட்டபோது, ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பக்கமும் தம்பி மறு பக்கமும் நின்று பேசியதை எந்தப் புத்தகத்தில் தேடுவது? அது வீடுகளில்தான் இருக்கிறது. அதைக் கண்ணால் கண்டவர்கள் இன்று எண்பதைக் கடந்தவர்கள்.

நண்டலாற்றுக்கு அப்பால்

ஒரு சிற்றூர் தன் பழம்பொருளை எப்படிக் காக்கலாம் என்று காண நாம் நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. கோட்டுச்சேரி, வரிச்சிக்குடி, பூவம் வழியே நண்டலாற்றைக் கடந்தால் பொறையாறு. அதை அடுத்துத் தரங்கம்பாடி. பழைய சாசனங்களில் சடங்கன்பாடி என்று வழங்கும் ஊர். 1620ஆம் ஆண்டு தஞ்சை இரகுநாத நாயக்கர் டென்மார்க்கு நாட்டாருக்கு அங்கே வாணிகம் செய்யவும் கோட்டை கட்டவும் இசைவு அளித்தார். ஓவே ஜெட்டே என்னும் டேனியக் கப்பற்படைத் தலைவர் எழுப்பிய அக்கோட்டைக்கு டான்ஸ்போர்க் என்று பெயர். 225 ஆண்டுகள் அவ்வூரை வைத்திருந்த டேனியர், 1845இல் வங்காளத்துச் செராம்பூரோடு சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போயினர்.

விற்றுப்போன கோட்டையின் நிலை என்ன ஆயிற்று? நம் நாடு விடுதலை பெற்ற பின்னரும் அது பயணியர் விடுதியாகவே கிடந்தது. 1978இல் தமிழகத் தொல்லியல் துறை பொறுப்பேற்றது. அதன்பின் அங்கே அருங்காட்சியகம் அமைந்தது. டேனியப் பீங்கான், சீனத்துத் தேயிலைச் சாடிகள், சுடுமண் பொம்மைகள், கண்ணாடிப் பொருள்கள், விளக்குகள், வாள், குத்துவாள், ஈட்டி, சிறிய பீரங்கிக் குண்டுகள், ஒரு திமிங்கிலத்தின் எலும்புகள் ஆகியன அங்கே காணக் கிடைப்பன. பெரிய நகரத்துக் காட்சிச்சாலைகளோடு ஒப்பிட்டால் இது சிறிய தொகுப்புத்தான். ஆயினும் சீனத்துச் சாடியும் சோழமண்டலக் கரையின் சுடுமண் பொம்மையும் ஒரே கூரையின்கீழ் இருப்பதைக் காணும் பள்ளிப் பிள்ளைக்கு, நம் கரையில் எத்தனை நாட்டுக் கப்பல்கள் வந்து நின்றன என்பது ஒரு பார்வையிலேயே விளங்கிவிடும்.

2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் டென்மார்க்கில் ‘தரங்கம்பாடிச் சங்கம்’ என்ற ஒன்றை அன்பர்கள் அமைத்துக்கொண்டு, நம் தொல்லியல் துறையோடு கைகோத்துக் கோட்டையைச் செப்பனிட உதவினர். மீனவர் வாழ்வையும் கடலையும் காட்டும் சிறு கடல்சார் அருங்காட்சியகமும் அவ்வூரில் உருவாயிற்று. 2017இல் சீகன்பால்கு வாழ்ந்த இல்லம் அருங்காட்சியகமாகத் திறக்கப்பெற்றது. ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பிராங்கே நிறுவனமும் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் இதற்கு முன்னின்றன.

சீகன்பால்கு 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கையில் கரையிறங்கிய லுத்தரன் ஊழியர். 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். பொறையாற்றில் காகிதம் செய்யப் பட்டறை அமைத்தனர். கடுதாசிப்பட்டறை என்ற பெயர் அதைச் சொல்கிறது. அக்காலத்தில் நம் வீரமாமுனிவர் தரங்கை ஊழியரின் வாதங்களை மறுத்து ‘வேத விளக்கம்’ எழுதியதை நாம் அறிவோம். இருதரப்பும் கடுமையாகவே எழுதிக்கொண்டனர். 1964 நவம்பர் 21ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவ ஒன்றிப்புப் பற்றிய விதித்தொகுப்பை வெளியிட்டது. பிரிந்த சகோதரரின் நற்பொருளை மகிழ்வோடு கண்டு போற்றவேண்டும் என்பது அதன் கருத்து. ஆகவே நாம் அந்த இல்லத்தினுள் சகோதரராய் நுழைந்து, கற்கவேண்டியதைக் கற்று வரலாம்.

கப்பலேறிய ஏடுகள்

நாம் அங்கே கற்கவேண்டியது, பொருளைச் சேர்ப்பதோடு அதைப் பற்றி எழுதி வைப்பது. சீகன்பால்கு தரங்கைக்கு வந்த இரண்டே ஆண்டில், 1708இல், தாம் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியல் எழுதினார். அதில் 119 தமிழ் இலக்கிய, சமய நூல்களைப் பற்றிய குறிப்புகள் உண்டு. கத்தோலிக்க நூல்களுக்கென்றே தனிப் பகுதியும் உண்டு. இன்ன நூல், இன்னதைப் பற்றியது, மக்களிடையே அதற்கு இன்ன மதிப்பு என்று அவர் எழுதி வைத்ததால், முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நம் கடற்கரையில் மக்கள் என்னென்ன படித்தார்கள் என்பது இன்று நமக்குத் தெரிகிறது. சுவடிகளை வாங்க ஆள் அனுப்பினார். கணவரை இழந்த பெண்களிடமிருந்து அவை மலிவாகக் கிடைத்தன. அந்தத் தாய்மாருக்கு அவ்வேடுகளின் அருமை தெரியவில்லையோ, வயிற்றுப்பாடு வாயை அடைத்ததோ, ஆண்டவருக்கே வெளிச்சம்.

தரங்கையிலிருந்து ஊழியர்கள் அனுப்பிய ஓலைச்சுவடிகளும் அரும்பொருள்களும் கப்பலேறி ஹாலே நகரம் போய்ச் சேர்ந்தன. அங்கே அனாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தில் 1698இல் தொடங்கிய காட்சியறை ஒன்று உண்டு. பிள்ளைகளுக்கு உலகத்தைக் காட்டிக் கற்பிக்கவே அதை ஏற்படுத்தினர். நாட்பட்டுச் சிதைந்த அவ்வறையை 1990களில் பழையபடி சீர்செய்து திறந்தனர். இரகுநாத நாயக்கர் 1620இல் டென்மார்க்கு மன்னர் நான்காம் கிறிஸ்தியானுக்குப் பொன் தகட்டில் எழுதி அனுப்பிய மடல், கோபன்ஹேகனில் அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது.

நம் கத்தோலிக்க வரலாற்றிலும் கதை இதுவே. 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’, இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல். அண்ட்ரிக் அடிகளார் அளித்த அச்சிறு நூலைக் காண இன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்துக்குப் போகவேண்டும். அந்தோம் தெ புரோயென்சா அடிகளார் தொகுத்து 1679இல் அம்பலக்காட்டில் அச்சான தமிழ்–போர்த்துகீசிய அகராதி, இருந்த இடம் தெரியாமல் போயிற்று. தனிநாயக அடிகளார் 1954இல் அதன் பிரதியை உரோமை நகரில் வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்தார். 1966இல் அது கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளிவந்தது. தமிழ்நாட்டில் அவ்வகராதி எத்தனை வீடுகளில், எத்தனை பங்கு இல்லங்களில் இருந்து மறைந்ததோ! மழையும் கறையானும் இராமபாணப் பூச்சியும் தின்றவை போக, ‘பழசு’ என்று அடுப்பில் இட்டவையும் இருக்கும்.

அயல்நாட்டார் கொண்டுபோனார்களே என்று வருந்துவதில் நியாயம் உண்டு. எனினும், காத்தவர் கையில் இருந்ததால் அவை பிழைத்தன என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இனிமேலாவது காப்பவர் கை நம் கையாக இருக்கட்டும்.

வீட்டில் உறங்கிய நாட்குறிப்பு

பொருள் பெரிய மாளிகையில் இருக்கவேண்டும் என்பதில்லை. வீட்டிலேயே காக்கப்பட்டு உலகறிந்த பொருளும் உண்டு. புதுச்சேரியில் துய்ப்ளேக்சு துரையின் துபாசியாக இருந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761இல் தாம் இறக்கும் காலம்வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, விலை ஏறியது, யார் யாரிடம் என்ன பேசினார் என்று கணக்குப்பிள்ளை கணக்கெழுதுவதுபோல எழுதினார். அவர் மறைந்தபின் அக்கையெழுத்துப் புத்தகங்கள் எண்பத்தைந்து ஆண்டுகள் குடும்பத்தார் வீட்டில் உறங்கின. 1846இல் கலுவா மோம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டு படி எடுக்கச் செய்தார். 1904 முதல் 1928 வரை சென்னை அரசு அதை ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. பிரெஞ்சிந்திய வரலாற்றை எழுதும் எவரும் இன்று அந்நூலைத் தொடாமல் எழுத முடியாது.

அந்த வீட்டாரில் ஒருவர், ‘இது என்ன, படிக்க முடியாத பழைய கையெழுத்து’ என்று எடைக்குப் போட்டிருந்தால்? எடைக்குப் போடாமல் வைத்திருந்ததே அக்குடும்பத்தார் வரலாற்றுக்குச் செய்த பேருதவி. அவ்வளவு பெரிய நாட்குறிப்பு நம் பங்கில் எவர் வீட்டிலும் இருக்கும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அதில் ஒரு பக்கத்தை நிரப்பும் செய்தி ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது.

திருச்சபையின் எண்ணம்

பழம்பொருள் சேர்ப்பது குருவுக்கும் கோயிலுக்கும் ஏற்ற வேலைதானா? யோர்தான் ஆற்றைக் கடந்த இஸ்ராயேல் மக்கள் ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்துவந்து நிறுத்தியதை யோசுவா ஆகமம் 4ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். நாளைக்குப் பிள்ளைகள், இக்கற்கள் எதற்கு என்று கேட்பார்கள். அப்போது பெற்றோர் நடந்ததைச் சொல்லவேண்டும். இதுவே ஏற்பாடு. கல் கேள்வியைப் பிறப்பிக்கும். பதிலைப் பெரியவர்கள் தரவேண்டும். உலகின் எல்லா அருங்காட்சியகங்களுக்கும் இலக்கணம் அந்த அதிகாரத்திலேயே இருக்கிறது.

திரிதெந்தீன் பொதுச்சங்கம் 1563இல் பங்குக் குருக்கள் திருமணப் பதிவேடு வைத்திருக்கவேண்டுமென விதித்தது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535ஆம் விதி, பங்குதோறும் ஞானஸ்நானம், திருமணம், இறப்பு ஆகியவற்றின் பதிவேடுகளும் அவற்றுக்கான காப்பகமும் இருக்கவேண்டும் என்றும், பழைய ஏடுகளைக் கருத்தாய்க் காக்கவேண்டும் என்றும் கூறுகிறது. 2001 ஆகஸ்டு 15ஆம் நாள், திருச்சபையின் கலைச் செல்வங்களுக்கான பாப்பிறை ஆணையம் திருச்சபை அருங்காட்சியகங்களின் மேய்ப்புப் பணி குறித்தே ஒரு சுற்றறிக்கை விடுத்தது. அசைவற்ற பொருட்குவியலாக இராமல், மக்களின் விசுவாச வாழ்வோடும் வழிபாட்டோடும் ஒட்டியதாக அருங்காட்சியகம் விளங்கவேண்டும் என்பது அதன் சாரம். இயேசு சபையினர் 1895இலேயே கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இயற்கைப் பொருள்களின் காட்சியகம் தொடங்கியதும் இங்கு நினைக்கத் தக்கது.

ஏழைக்குச் சோறிட வேண்டிய காசைப் பழம்பொருளுக்குச் செலவிடலாமா என்று கேட்பாரும் உளர். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் வரலாறு முதலில் தொலைவது ஏழைக்கே. பணக்காரருக்குப் பத்திரம் உண்டு, உயில் உண்டு, சுவரில் படம் உண்டு. வயலில் கூலி வேலை செய்து வாழ்ந்த ஒரு தாயின் பெயர் எழுத்தில் இருப்பது, பல வேளைகளில், பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டில் மட்டுமே. அந்த ஒரு வரியையும் பூச்சிக்குக் கொடுத்துவிட்டால் அவர் இந்த மண்ணில் வாழ்ந்ததற்கே அடையாளம் இல்லாமற் போகும். ஒரு அலமாரியும் ஒரு நோட்டுப் புத்தகமும் பெரும் செலவல்ல.

மறைக்கலாகாதவை

வரலாறு என்றால் பெருமைகளை மட்டும் அடுக்கிக் காட்டுவதன்று. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745 அக்டோபரில் ஒரு செய்தி வருகிறது. புதுச்சேரிக் கோயிலுக்குள் சாதி கருதி எழுப்பியிருந்த பிரிவினைச் சுவர், ஒதுக்கப்பட்ட கிறிஸ்தவர்களின் முறையீட்டின்பேரில் இடிக்கப்பட்டது. ஆண்டவரின் பந்திக்கு நடுவே சுவர் இருந்தது என்பது நமக்கு வெட்கம். அதை எதிர்த்துக் குரல் எழுப்பிய எளிய விசுவாசிகள் இருந்தார்கள் என்பது நமக்குப் பெருமை. இரண்டையும் எழுதினால்தான் வரலாறு. சுவரின் கதையை விட்டுவிட்டால் அந்த எளியவர்களின் துணிவும் சேர்ந்து மறைந்துவிடும்.

கப்பலேறியவர்களின் கதையும் அப்படியே. 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நம் மக்கள் ரெயூனியன், மார்த்தினிக்கு, குவாதலூப் தீவுகளுக்குக் கொண்டுபோகப்பட்டனர். 1853இல் முதற்கப்பல் மார்த்தினிக்கு அடைந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில், கிறிஸ்து பிறப்பு நாளையொட்டி, ஒரு கப்பல் குவாதலூப் சேர்ந்தது. ரெயூனியன் தீவில் கப்பலில் வந்தவர்களை நோய்க்கு அஞ்சித் தங்கவைத்த பழைய கட்டடத்தைப் பழுதுபார்த்து, இன்று வரலாறு காட்டும் இடமாக்கியிருக்கிறார்கள். மொரீசு தீவில் மகாத்மா காந்தி நிறுவனம் கூலிகளின் பதிவேடுகளைக் காத்துவருகிறது. பேரப் பிள்ளைகள் அங்கே சென்று தம் முன்னோரின் பெயரையும் ஊரையும் தேடுகின்றனர். கப்பல் போய்ச் சேர்ந்த கரையில் நினைவு இருக்கிறது. கப்பல் புறப்பட்ட கரையாகிய நம்மிடம் என்ன இருக்கிறது? ‘எங்கள் கொள்ளுத்தாத்தாவின் தம்பி கப்பலேறிப் போனார், திரும்பவில்லை’ என்ற ஒரு வாக்கியம் உங்கள் வீட்டில் இருந்தால் அதை எழுதி வையுங்கள். கடலுக்கு அப்பால் யாரோ அந்த வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருக்கலாம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்பத் திருநாள். அன்று காலை கடல் எழுந்து நம் கரையோரக் குடும்பங்களை வாரிக்கொண்டு போனது. உயிரை இழந்தோம், அதற்கு ஈடில்லை. உயிர் தப்பியவர்களும் வீட்டிலிருந்த திருமணப் படம், பிள்ளையின் ஞானஸ்நானச் சீட்டு, தகப்பனாரின் கடிதம் யாவற்றையும் இழந்தார்கள். இறந்த மகளின் முகம் ஒரு படத்தில்கூட மிஞ்சாத தாயின் துயரை அந்நாள்களில் கரையோரம் ஊழியம் செய்தவர்கள் அறிவார்கள். ஒரு படத்துக்கு ஒரு படி எடுத்து வேறோர் இடத்தில் வைத்திருப்பது எத்துணை பெரிய ஆறுதல் என்பதைக் கடல் நமக்குக் கடுமையாகக் கற்பித்தது.

நம் வீடுகளில் இருப்பவை

பரணில் ஏறிப் பாருங்கள். இரும்புப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பிரெஞ்சு அரசு தந்த குடும்பச் சிற்றேடு, பிறப்புச் சான்று, சைகோனிலிருந்து வந்த கடிதம், படையில் சேவித்தவரின் ஓய்வூதியப் புத்தகம், பதக்கம் ஆகியவை இருக்கலாம். 1881 செப்டம்பர் 21ஆம் நாளைய ஆணையின்படி பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றுக் குடும்பப் பெயர் சூட்டிக்கொண்ட வீடுகளில் அதன் பத்திரம் இருக்கலாம். புதுவை மிஷன் அச்சுக்கூடத்தில் அச்சான செபப் புத்தகம், உபதேசியார் கையால் எழுதிய பாட்டு நோட்டு, பாஸ்கா நாடகத்தின் கையெழுத்துப் பிரதி, தபசுகாலப் புலம்பல் பாடும் முறை, பழைய தேர்ச்சீலையின் ஒரு துண்டு, கல்யாணத்துக்கு வந்த வெண்கலப் பாத்திரம், வலை பின்னும் ஊசி, நெல் அளந்த மரக்கால் — இவை எல்லாமே வரலாறு. அரசர் வாள்தான் வரலாறு என்று எண்ணவேண்டாம். மரக்காலைக் கொண்டு கூலி அளந்தார்கள். அளந்தவர் கை எப்படி இருந்தது என்பதை வாங்கியவரின் பேரன் சொல்லக்கூடும்.

செய்ய வேண்டுவன

இந்த யூபிலியின் நினைவாக, மறைக்கல்வி வகுப்பு நடக்கும் இடத்தில் பூட்டும் கண்ணாடியும் உள்ள ஓர் அலமாரியை வைக்கலாம் என்பது நம் கருத்து. அதற்கான முறைகளைச் சுருக்கமாகச் சொல்வோம்.

முதலாவது, பொருளை விட எழுத்து முக்கியம். பொருள் எது, யாருடையது, எப்போது, எப்படி அவரிடம் வந்தது, எதற்குப் பயன்பட்டது, இதைச் சொன்னவர் யார், எழுதியவர் யார், எந்த நாள் — இவை யாவும் பதிவேட்டில் ஏறவேண்டும். பொருளுக்கு ஓர் எண் தரவேண்டும். எண் இல்லாத பொருள் சில ஆண்டுகளில் ஊர் பேர் தெரியாததாகிவிடும்.

இரண்டாவது, கொடுக்க விருப்பமில்லாதவர் கொடுக்கவேண்டியதில்லை. வீட்டிலேயே இருக்கட்டும், இளைஞர்கள் வந்து கைப்பேசியில் படம் பிடித்து, விவரம் எழுதிப் போகட்டும். கொடுப்பவரும் தானமாகவா, பார்வைக்கு இரவலாகவா என்பதை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கட்டும். நம்பிக்கை கெடாதிருக்க இதுவே வழி. எந்தப் பொருளையும் மலிவாகப் பறித்தோம் என்ற பெயர் கோயிலுக்கு வரலாகாது.

மூன்றாவது, காக்கும் முறை. உப்புக் காற்று அடிக்கும் ஊர் நம் ஊர். பழைய தாள்களைப் பிளாஸ்டிக்கில் ஒட்டிச் சூடாக்கி அடைத்துவிடாதீர்கள், பசைநாடா ஒட்டாதீர்கள். சுத்தமான பருத்தித் துணியில் மடிப்பின்றிச் சுற்றி, உலர்ந்த வேப்பிலையும் வசம்பும் தனித் துணி முடிச்சில் அருகே வையுங்கள். நனைந்த ஏட்டை வெயிலில் காயவைக்காமல் நிழலில் காற்றாட விடுங்கள். படத்தின் பின்புறம் பேனாவால் அழுத்தி எழுதாமல் மெல்லிய பென்சிலால் பெயர் எழுதுங்கள். பழைய குத்துவிளக்கையும் மெழுகுவர்த்தித் தண்டையும் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து, அதில் வெட்டியிருக்கும் உபயகாரர் பெயரை அழித்துவிடாதீர்கள்.

நான்காவது, பொருளைப் பேச வைப்பது. மாதத்தில் ஒரு ஞாயிறு, பூசைக்குப் பின், ஒரு பொருளையும் அதைப் பற்றிச் சொல்லும் ஒரு பெரியவரையும் பிள்ளைகள் முன் அமர்த்துவோம். பிள்ளைகள் கேட்கட்டும், பெரியவர் சொல்லட்டும், மரியாயின் சேனையாரோ இளைஞர் மன்றத்தாரோ எழுதட்டும். திருவிழா நவநாள்களில் அலமாரியைத் திறந்து எல்லோருக்கும் காட்டுவோம். இந்து, இஸ்லாமியச் சகோதரரையும் அழைப்போம். நம் தேருக்கு வடம் பிடித்தவர்களின் நினைவும் சேராவிட்டால் நம் வரலாறு பாதி வரலாறுதான். ஆண்டுக்கு ஒருமுறை மறைக்கல்வி மாணவர்களைத் தரங்கம்பாடிக்கு அழைத்துச் சென்று காட்டுவதும் நலம்.

ஐந்தாவது, பங்கின் பதிவேடுகள். அவற்றில் தனிமனிதரின் இரகசியங்களும் இருப்பதால் எவரும் புரட்டலாகாது. ஆனால் ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து மறைமாவட்டக் காப்பகத்தில் ஒரு படி வைப்பது, வெள்ளத்துக்கும் நெருப்புக்கும் எதிரான காப்பு.

பெரியோரே, தாய்மாரே, இந்த வேலையில் மிக அரிய பொருள் அலமாரிக்குள் வரப்போவதில்லை. அது உங்கள் நாவில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் காலத்துப் பள்ளிக்கூடம், கொடி மாறிய நாள், புயலடித்த இரவு, கோயிலுக்குச் செங்கல் சுமந்த கூட்டம், இவற்றைச் சொல்ல உங்களை விட்டால் ஆளில்லை. ஐயாயிரம் பேர் உண்ட பின்னும், மிஞ்சிய துணுக்குகள் வீணாகாதபடி சேர்த்து வைக்கச் சொன்னவர் நம் ஆண்டவர். பன்னிரண்டு கூடை நிறைந்தது. நம் முன்னோர் உண்டு, உழைத்து, செபித்து வாழ்ந்த வாழ்வின் துணுக்குகள் நம் வீடுகளில் சிதறிக் கிடக்கின்றன. நம் பிள்ளைகள் கூடையோடு வருவார்கள். வரும்போது ‘ஒன்றுமில்லை’ என்று திருப்பி அனுப்பாதீர்கள். உட்காரவைத்து, பெட்டியைத் திறந்து, சொல்லத் தொடங்குங்கள்.